பிள்ளைகளுக்குத் தூண்டில் பழக்குவது எப்படி: ஒரு கண்மாய்க்கரை வழிகாட்டி

என் தாத்தா காடைக்குக் கண்ணி வைத்தவர், முயலுக்கு நாய் விட்டவர். அந்தக் கதைகளை எங்கள் வீட்டுப் பிள்ளைகள் எத்தனை முறை கேட்டாலும் சலிப்பதில்லை. சொல்லி முடித்த கையோடு நான் இன்னொன்றையும் சொல்லிவிடுவேன்: அதெல்லாம் இன்று குற்றம். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி முயல், காடை, கௌதாரி எதன் மேலும் கை வைக்க முடியாது. உடும்பைப் போல முதல் பட்டியலில் இருக்கும் உயிரினம் என்றால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. சிவகங்கை, மதுரைப் பக்கம் சாமி பேரில் நடக்கும் பாரிவேட்டைக்குக் கிளம்புகிறவர்களிடம் வனத்துறையினரும் இதைத்தான் சொல்கிறார்கள். சாமிக்காக என்ற சமாதானம் அங்கே எடுபடாது.

மிச்சம் இருப்பது தூண்டில். அதைக் குறைவாக நினைக்க வேண்டாம். அகநானூற்றின் 36ஆம் பாட்டு தூண்டில்காரனைத் ‘தூண்டில் வேட்டுவன்’ என்றே சொல்கிறது. இரையை விழுங்கிய விரால், அவன் இழுத்த இழுப்புக்கு வராமல் குளத்தையே கலக்குகிறது. காத்திருப்பது, குறிப்புப் பார்ப்பது, கொல்வதா விடுவதா என்று முடிவெடுப்பது, கொன்றதைச் சமைத்துத் தின்பது என்று வேட்டையில் உள்ளவை எல்லாம் இதிலும் உண்டு.

மீன் பிடிக்கக் கற்றுக்கொடுப்பது அரை மணி நேர வேலை. மீன் கைக்கு வந்த பிறகு என்ன செய்வது என்று கற்றுக்கொடுப்பதற்குத்தான் பொறுமை வேண்டும். பல வீடுகளில் பெரியவர்கள் அந்த இடத்தில் மீனைத் தாங்கள் வாங்கிக்கொண்டு, பிள்ளையை அடுத்த புழுவுக்கு அனுப்பிவிடுகிறார்கள். பாதி வேட்டையை மறைத்துவைப்பது போன்றது அது. இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் அந்த இடத்தைப் பற்றியே பேசப்போகிறேன். நான் சொல்வது சிவகங்கை மாவட்டத்தில் எங்கள் திருப்பத்தூர் வட்டாரத்துக் கண்மாய்களை வைத்து. ஆற்றுக்கும் கடலுக்கும் கணக்கு வேறு.

எப்போது, எங்கே

ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் நிறைந்து கிடக்கும்போது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். தண்ணீர் கலங்கலாக இருக்கும், ஆழம் தெரியாது, மீனும் பரந்து கிடக்கும். பொங்கல் கழிந்து நீர் தெளிந்து, கரையோரம் சற்றே வற்றத் தொடங்கும் தை, மாசி மாதங்கள்தான் சரியான காலம். விடிந்ததும் போய் எட்டரை மணிக்குள் திரும்பிவிடுங்கள். மாலை என்றால் நாலரைக்கு மேல். உச்சி வெயிலில் மீனும் கடிக்காது, பிள்ளையும் உட்காராது.

போவதற்கு முன்பு கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: கண்மாயை யார் எடுத்திருக்கிறார்கள்? பெரும்பாலான கண்மாய்களில் மீன்பாசியை, அதாவது மீன் பிடிக்கும் உரிமையை, ஏலம் விட்டிருப்பார்கள். குத்தகை எடுத்தவர் கட்லா, ரோகு குஞ்சுகளைக் காசு கொடுத்து வாங்கி விட்டிருப்பார். அவரிடம் முதல் நாளே போய், "பிள்ளைகளுக்குப் பழக்குவதற்காக இரண்டு தூண்டில் போட்டுக்கொள்கிறோம்" என்று கேளுங்கள். நான் கேட்டவர்களில் மறுத்தவர் ஒருவர்தான். அவரும் பக்கத்து ஊருணியைக் காட்டிவிட்டார். பிள்ளையையும் கூடவே அழைத்துப் போங்கள். அனுமதி கேட்பதும் பாடத்தில் சேர்த்திதான்.

சரணாலயக் கண்மாய்களில் தூண்டில் போடும் எண்ணமே கூடாது. எங்கள் பக்கத்து வேட்டங்குடி 1977 முதல் பறவைகள் சரணாலயம். அங்கே குஞ்சு பொரிக்கும் பறவைகள் மிரளக் கூடாது என்று கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அங்கே பிள்ளைகளை வெறுங்கையோடு கூட்டிப் போங்கள். நத்தைகுத்தி நாரை எப்படி இரை தேடுகிறது என்று ஒரு காலை முழுக்கப் பார்த்த பிள்ளைக்குக் கண்மாய்க்கரையில் சும்மா உட்காரச் சொல்லித்தர வேண்டியிருக்காது.

சாமான்கள்

கடையில் தொங்கும் ரீல் வைத்த கம்பியை வாங்கிக்கொடுக்காதீர்கள். பிள்ளை மீனை மறந்து ரீலோடு விளையாடும், சிக்கெடுப்பதிலேயே உங்கள் காலைப்பொழுது போய்விடும். முதல் வருடம் மூங்கில் குச்சி போதும். பிள்ளையின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு நீளம், நுனி வளையும்படி மெல்லியது. நரம்பும் குச்சியின் நீளமே இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் முள் ஆடி யார் காதிலாவது மாட்டும்.

நைலான் நரம்பு கால் மில்லிமீட்டர் தடிமன். முள், காது உள்ளதாகப் பார்த்து 10 அல்லது 12ஆம் எண். எண் கூடினால் முள் சிறியது என்பதைக் கடைக்காரரே சில நேரம் மாற்றிச் சொல்வார், கண்ணால் பார்த்து வாங்குங்கள். தக்கைக்குச் சோளத்தட்டையோ பழைய ரப்பர் செருப்பில் நறுக்கிய துண்டோ. முள்ளுக்கு ஒரு சாண் மேலே மிளகு அளவு ஈயக் குண்டு. எல்லாம் சேர்த்தும் 150 ரூபாயைத் தாண்டாது.

அடுத்த வேலையை மறக்கக் கூடாது. முள்ளின் நுனிக்குச் சற்றுக் கீழே, பின்னோக்கி நீட்டிக்கொண்டு ஒரு சிறு கூர் இருக்கும். மாட்டிய மீன் நழுவாமல் பிடித்துக்கொள்வது அதுதான். குறடால் அதை நசுக்கித் தட்டையாக்கிவிடுங்கள். பத்தில் இரண்டு மீன் தப்பும், தப்பட்டும். விடுகிற மீனின் வாய் கிழியாது. பிள்ளையின் விரலில் ஏறினாலும் வந்த வழியே உருவிவிடலாம். நசுக்காத முள் ஏறினால் மருத்துவமனைதான். கண்ணுக்கு அருகில் என்றால் எந்த முள்ளானாலும் நீங்கள் தொடாதீர்கள். காயம் சிறியதானாலும் டெட்டனஸ் தடுப்பூசி போட்டு எத்தனை நாளாயிற்று என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இவற்றோடு குறடு, சின்னக் கத்தி, ஒரு முழம் நீளக் கட்டை, மூடி போட்ட வாளி, குடிதண்ணீர், அவித்த கடலை. கடலை மீனுக்கு அல்ல.

முந்தைய நாள் வீட்டில்

முள் கட்டுவதைப் பிள்ளையே செய்ய வேண்டும். நரம்பை முள்ளின் காதில் நுழைத்து, வந்த நுனியை மீதி நரம்பின் மேல் ஐந்தாறு சுற்று சுற்றி, காதுக்குப் பக்கத்தில் விழுந்திருக்கும் சின்ன வளையத்துக்குள் நுழைத்து, எச்சில் தொட்டு மெதுவாக இறுக்க வேண்டும். எச்சில் தொடாமல் இழுத்தால் உரசிய சூட்டில் நரம்பின் பலம் போய்விடும். முதலில் சணல் கயிற்றையும் வளைத்த கம்பியையும் கொடுத்துப் பழக்குங்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு நாலாவது முறை வந்துவிடும். அதற்குக் கீழே என்றால் நீங்கள் கட்டுங்கள், இறுக்குவதை மட்டும் அவர்களிடம் விடுங்கள்.

பிறகு முற்றத்தில் ஒரு முறத்தை வைத்து, முள் இல்லாமல் ஈயக் குண்டை மட்டும் கட்டி, அதற்குள் விழும்படி வீசச் சொல்லுங்கள். தலைக்கு மேல் சுழற்றக் கூடாது. ஒரு கையால் குண்டைப் பிடித்து, குச்சியை முன்னால் தாழ்த்தி, ஊஞ்சல் விடுவது போல விட வேண்டும்.

சாயங்காலம் புழு தோண்டுங்கள். அடிகுழாய்ப் பக்கம், வாழை மூட்டடி, சாணிக்குழி ஓரம். நகரத்துப் பிள்ளை முதலில் தொடாது. கட்டாயப்படுத்தாதீர்கள். மைதா உருண்டைக்கும் கெண்டை வரும். என் அண்ணன் மகள் சென்னையிலிருந்து வந்த முதல் நாள் புழுவைப் பார்த்து வீட்டுக்குள் ஓடினாள். மூன்றாம் நாள் ஒரு தேங்காய்ச் சிரட்டை நிறையப் புழுவைக் கொண்டுவந்து, "சித்தப்பா, இதில் எது நல்ல புழு?" என்று கேட்டாள்.

கரையில் விதிகள்

கண்மாயில் பிள்ளைகளைக் கொல்வது பெரும்பாலும் பள்ளங்கள்தான். கரம்பை மண் அள்ளிய குழி தண்ணீருக்கு அடியில் தெரியாது. முழங்கால் ஆழத்தில் நடந்துகொண்டிருக்கும்போதே அடுத்த காலடி இரண்டு ஆள் ஆழத்தில் விழும். அதனால் விதி எளிது: தண்ணீரில் கால் வைப்பதே இல்லை. முள் சிக்கினால் நரம்பை அறுத்துவிட வேண்டும், பத்து ரூபாய் முள்ளுக்காக இறங்கக் கூடாது. மடைக்குப் பக்கத்தில் உட்காரக் கூடாது, திறந்திருந்தால் உள்ளே இழுக்கும். உபரி நீர் வழியும் கலுங்கின் மேல் நடக்கக் கூடாது, பாசி வழுக்கும். மின்கம்பி போகும் இடத்தில் குச்சியைத் தூக்கக் கூடாது. இடி கேட்டால் சாமான்களைப் போட்டுவிட்டு வீட்டுக்கு.

ஒரு பெரியவருக்கு இரண்டு பிள்ளைகள், அதற்கு மேல் வேண்டாம். காலியான ஐந்து லிட்டர் எண்ணெய்க் கேனை மூடி இறுக்கி, பத்து மீட்டர் கயிறு கட்டி அருகில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் விழுந்தால் இன்னொரு பிள்ளை குதிக்கக் கூடாது, கேனை எறிந்துவிட்டுக் கத்த வேண்டும். இதைச் சொன்னால் மட்டும் போதாது. கரையில் ஒரு முறை எறிய வைத்துப் பாருங்கள்.

சீமைக்கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைக்கும், அதனால் ஷூ. புல் மண்டிய கரைச் சரிவில் கண்ணாடி விரியன் படுத்திருக்கலாம், குச்சியால் தட்டிக்கொண்டு நடக்கப் பழக்குங்கள். தண்ணீரில் தலை நீட்டும் நீர்க்கோலியை அடிக்க விடாதீர்கள். அதற்கு விஷம் இல்லை, அதுவும் மீனுக்காக வந்ததுதான். பாம்பு கடித்தால் எந்தப் பாம்பு என்று ஆராய்ச்சி வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காமல் 108.

முதல் ஒரு மணி நேரம்

உங்கள் தூண்டிலை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள். நான் இதை மீறித்தான் கற்றுக்கொண்டேன். என் மகனை முதன்முதலில் கூட்டிப்போன அன்று என் தக்கையையே பார்த்துக்கொண்டிருந்து, அவன் முள் கல்லில் சிக்கி அவன் அழ ஆரம்பித்த பிறகே திரும்பிப் பார்த்தேன்.

கரைக்கு வந்ததும் தூண்டில் போடாமல் கொஞ்ச நேரம் உட்காருங்கள். எங்கே குமிழி வருகிறது, எங்கே ஆம்பல் இலை காற்று இல்லாமலே அசைகிறது, மீன்கொத்தி எந்தக் கிளையிலிருந்து பாய்கிறது என்று கேளுங்கள். பதிலை நீங்கள் சொல்லாதீர்கள். பிள்ளை காட்டும் இடத்திலேயே முதல் தூண்டிலைப் போடுங்கள், அது தப்பான இடம் என்று உங்களுக்குத் தெரிந்தாலும்.

ஆழம் பார்க்க, முள்ளில் இரை இல்லாமல் போட்டுத் தக்கையை மேலும் கீழும் நகர்த்துங்கள். குண்டு தரையில் உட்கார்ந்தால் தக்கை படுத்துவிடும். கெளுத்திக்குத் தரையை ஒட்டி, கெண்டைக்கு அதற்கு ஒரு முழம் மேலே. புழுவை முழுதாகக் கோக்க வேண்டாம், சின்னத் துண்டு போதும்.

தக்கை பேசுவதைப் படிக்கக் கற்பதுதான் ரசமான பகுதி. பொடிக் கெண்டை கொத்தினால் தக்கை நடுங்கும், முங்காது. அப்போது இழுத்தால் வெறும் முள்தான் வரும். ஜிலேபி இரண்டு தட்டு தட்டிவிட்டுப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு நகரும். கெளுத்தி ஒரேயடியாகக் கீழே கொண்டுபோகும். மெதுவாக, அவசரமே இல்லாமல் தக்கை அமிழ்ந்தால் ஆமையாக இருக்கும். விரால் எடுத்தால் விளக்கம் தேவையில்லை, குச்சியே சொல்லும். இழுப்பது மணிக்கட்டின் ஒரு சுண்டல், அவ்வளவுதான். பிள்ளைகள் மீனைத் தலைக்கு மேலாகப் பின்னால் எறிவார்கள், அது கருவேலத்தில் தொங்கும். முதல் நாள் அப்படித்தான். சிரித்துவிட்டு எடுத்துக்கொடுங்கள்.

மீனே வராத நாளும் உண்டு. ஆறு ஏழு வயதுப் பிள்ளைக்கு அரை மணி நேரம்தான் பொறுமை. "போகலாமா?" என்று கேட்பதற்குக் கொஞ்சம் முன்பே கிளம்பிவிட வேண்டும்.

மீன் கைக்கு வந்த பிறகு

முதல் வேலை, கையை நனைப்பது. காய்ந்த கை பட்டால் மீனின் மேல் இருக்கும் வழவழப்பு உரிந்துவிடும். விடப்போகிற மீனுக்கு அதுதான் காப்பு. அதே காரணத்துக்காக மீனை மண்ணில் போடக் கூடாது.

இரண்டாவது, அது என்ன மீன் என்று தெரியாமல் தொடக் கூடாது. கெளுத்திக்கு முதுகில் ஒன்றும் இரு பக்கத் துடுப்பில் ஒவ்வொன்றுமாக மூன்று முட்கள். தேளி இன்னும் மோசம், பக்க முள்ளில் விஷம் உண்டு, பெயரே அதனால்தான். இவற்றை முதல் வருடம் பெரியவர்தான் குறடால் கழற்ற வேண்டும். குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் அரை மணி நேரமாவது கையை வைத்திருந்தால் வலி தணியும். சூட்டை உங்கள் கையால் பார்த்துவிட்டு வையுங்கள், வலியில் இருக்கும் பிள்ளைக்குச் சூடு தெரியாது. வீக்கம் ஏறினாலோ முள் உள்ளே முறிந்திருந்தாலோ மருத்துவரிடம்.

மூன்றாவது, முடிவு. வைத்துக்கொள்வதா, விடுவதா? கேள்வியைப் பிள்ளையிடம் விடுங்கள், ஆனால் முடிவெடுக்க ஏதாவது கையில் கொடுங்கள். எங்கள் வீட்டுக் கணக்கு இது. உள்ளங்கையை விடச் சிறிய கெண்டை திரும்பத் தண்ணீருக்கு. குத்தகைக்காரர் விட்ட கட்லா, ரோகு குஞ்சும் அப்படியே. ஜிலேபி எந்த அளவானாலும் சட்டிக்கு. அது 1952இல் இந்தியாவுக்குள் வந்த ஆப்பிரிக்க மீன். தாய் முட்டையை வாய்க்குள் வைத்துப் பொரிப்பதால் பெருகிப்போய் நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆமை வந்தால் நரம்பை வாயருகே அறுத்து உடனே விடுவது. நம் கண்மாயில் கிடைக்கும் பாலாமை, சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. முள்ளை ஆழமாக விழுங்கிய மீனை, நோண்டி எடுத்து விடுவதாகப் பாவனை செய்யாமல் கொன்று எடுத்துக்கொள்வது.

விரால் விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். நீர்ப்பரப்பில் செம்மஞ்சள் நிறத்தில் ஊசி ஊசியாகக் குஞ்சுகள் ஒரே பந்தாக மிதந்தால், அடியில் தாயும் தகப்பனும் காவலுக்கு நிற்கின்றன என்று பொருள். அந்தக் கூட்டத்தின் நடுவே தூண்டிலைப் போட்டால் தாய் நிச்சயம் பாயும், பசியால் அல்ல. அப்படிப் பிடிப்பதில் கெட்டிக்காரர்கள் எங்கள் ஊரிலும் உண்டு. அந்த விராலைத் தூக்கினால் அத்தனை குஞ்சும் மற்ற மீன்களுக்கும் கொக்குக்கும் போய்விடும். பிள்ளைகளுக்கு அந்தச் செம்மஞ்சள் பந்தைக் காட்டுங்கள், தூண்டிலைச் சுருட்டிவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

நான்காவது, கொல்வது. எல்லோரும் கண்ணைத் திருப்பிக்கொள்ளும் இடம் இதுதான். பிடித்த மீனை வாளியில் துடிக்க விட்டுத் ‘தானாகச் செத்துவிடும்’ என்று விடுவது நம் பழக்கம். விரால் காற்றையே மூச்சாக இழுக்கும், தண்ணீருக்கு வெளியே மணிக்கணக்கில் சாகாது. வைத்துக்கொள்வது என்று முடிவானால் உடனே, ஈரத் துணியால் இறுகப் பிடித்து, கண்ணுக்குச் சற்று மேலே தலையில் கட்டையால் ஓங்கி ஓர் அடி. தேவையானால் இன்னொன்று. பிறகு செவுளை அறுத்து இரத்தத்தை வடித்துவிட வேண்டும். மீனுக்கு வேதனை குறையும், கறியும் கெடாது.

இதைப் பிள்ளை செய்ய வேண்டுமா? முதல் சில முறை நீங்கள் செய்யுங்கள், பிள்ளை பக்கத்தில் நின்று பார்க்கட்டும். ஒளிக்காதீர்கள், வேடிக்கையும் ஆக்காதீர்கள். பத்துப் பன்னிரண்டு வயதில் அவர்களாகவே கட்டையைக் கேட்பார்கள். கேட்காவிட்டால் விட்டுவிடுங்கள். என் மகன் பதினொரு வயதில் கேட்டான். அண்ணன் மகள் இன்று வரை கேட்கவில்லை. அவள் பிடிப்பதை எல்லாம் விட்டுவிடுகிறாள், ஆனால் வீட்டில் மீன் குழம்பு சாப்பிடுகிறாள். "அது வேறு மீன் சித்தப்பா" என்கிறாள். நான் வாதம் செய்வதில்லை, அவளே ஒரு நாள் யோசிப்பாள். அழுதால் அழட்டும். "ஆம்பளைப் பிள்ளை அழலாமா?" என்று மட்டும் கேட்காதீர்கள்.

கிளம்புமுன், வீட்டில்

கிளம்பும்போது முட்களை எண்ணுங்கள். கொண்டுவந்த எண்ணிக்கையும் திரும்பும் எண்ணிக்கையும் பொருந்த வேண்டும், சிக்கி அறுந்ததைக் கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள். அறுந்த நரம்பைப் பொறுக்கிப் பையில் போடுங்கள். கொக்கின் காலில் நைலான் சுற்றி அது அழுகித் தொங்குவதை நான் பார்த்திருக்கிறேன்.

பிடித்த மீன் நாலே நாலானாலும் தனியாகச் சமைக்க வேண்டும், கடை மீனோடு கலக்கக் கூடாது. செதில் உரசுவது, சாம்பலும் உப்பும் போட்டு வழவழப்பை எடுப்பது எல்லாம் பிள்ளை செய்யலாம். விரால் என்றால் சொரசொரப்பான கல்லில் தேய்த்தால் போதும். குடலை எடுக்கும்போது பச்சை நிறப் பித்தப்பை உடையாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், உடைந்தால் குழம்பே கசக்கும். எங்கள் அம்மா மண்சட்டியில் புளிக்கரைசல் கொதித்த பிறகே மீனைப் போடுவார், போட்ட பிறகு கரண்டியை விடமாட்டார், சட்டியைப் பிடித்துச் சுழற்றுவதோடு சரி. பிடித்த பிள்ளைக்கு முதல் துண்டு.

அடுத்த வருடம்

தூண்டில் கைக்கு வந்துவிட்ட பிள்ளையைப் பங்குனி, சித்திரையில் கண்மாய் வற்றும்போது நடக்கும் மீன்பிடித் திருவிழாவுக்குக் கூட்டிப் போகலாம். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் ஊத்தா (மேலும் கீழும் திறந்த கூடை), கச்சா, பரி என்று கையில் கிடைத்த மீன்பிடி சாமானோடு ஊரே சேற்றில் இறங்கும். முதல் வருடம் பிள்ளை கரையில் நின்று பார்க்கட்டும், இறங்கினால் மிதிபடும். இரண்டாம் வருடம் ஓரத்தில் உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இறக்குங்கள், ஊத்தாவை நீங்கள் கவிழ்த்து, மேல்வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவும் வேலையை அதற்குக் கொடுங்கள். தேளி இருக்கும், கையுறை போட்டுவிடுங்கள். செருப்பைக் கரையில் விட்டுவிட்டு இறங்காதீர்கள், திரும்பி வரும்போது அது வேறு யார் காலிலாவது ஊர் போய்ச் சேர்ந்திருக்கும்.